வரைபடம் வரையத் தெரிகிறது, படிக்கத்தான் வரவில்லை

கேள்வி இதுதான்: மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். சமன்பாட்டைக் கொடுத்தால் அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அழகாக வரைந்துவிடுகிறாள். ஆனால் வரைந்த படத்தைக் கையில் கொடுத்து, இந்தச் சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே பூச்சியம் ஆகிறது, இரண்டு சார்புகளில் எது எப்போது பெரியது என்று கேட்டால் விழிக்கிறாள். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் உங்கள் மகளின் தவறு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அந்த 8 மதிப்பெண்ணுக்கான சடங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி: அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகள், புள்ளிகள், வளைவரை, தீர்வுக் கணம். கை நன்றாகப் பழகிவிடுகிறது. வரைந்து முடித்த பிறகு அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அப்புறம் பதினொன்றில் திடீரென்று எல்லாக் கேள்வியும் அதைத்தான் கேட்கிறது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. ஒரு வரைபடத்தைக் காட்டிக் கேட்கும் கேள்வி எதுவானாலும், அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது? அந்தச் சாய்வு போகப் போக எப்படி மாறுகிறது? இந்த மூன்றையும் ஒன்றோடு ஒன்று போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் திணறல் வருகிறது. எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது கட்டம் எண்ணுவதுதான்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால்,

உயரம் = 20 × நேரம் − 5 × நேரம்²

கிடை அச்சில் நேரம், நிலை அச்சில் உயரம். பள்ளிப் பாஷையில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு. 0 வினாடியில் 0, 1 வினாடியில் 15 மீட்டர், 2 வினாடியில் 20, 3 வினாடியில் மறுபடி 15, 4 வினாடியில் தரை. புள்ளிகளைச் சேர்த்தால் கவிழ்த்துப் போட்ட பரவளையம்.

இப்போது மகளிடம் இந்த வளைவரையில் ஏதாவது ஒரு புள்ளியைத் தொடச் சொல்லுங்கள். தொட்ட புள்ளியை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். "1 கமா 15" என்று சொன்னால் ஏற்காதீர்கள். "எறிந்து 1 வினாடி ஆனபோது பந்து 15 மீட்டர் உயரத்தில் இருந்தது" என்று வர வேண்டும். வளைவரை என்பது இப்படிப்பட்ட வாக்கியங்களை வரிசையாக அடுக்கி வைத்தது, அவ்வளவுதான். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

அடுத்து, எந்தத் திசையில் படிக்கிறோம் என்பது. "2 வினாடியில் எவ்வளவு உயரம்?" என்றால் கீழிருந்து மேலே போய், அங்கிருந்து இடது பக்கம் அச்சுக்குத் திரும்ப வேண்டும். ஒரே விடைதான் கிடைக்கும். "எப்போது 15 மீட்டரில் இருந்தது?" என்றால் நிலை அச்சில் 15-லிருந்து கிடைமட்டமாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அது வளைவரையை இரண்டு இடத்தில் வெட்டும்: 1 வினாடி, 3 வினாடி. மேலே போகும்போது ஒரு தடவை, கீழே வரும்போது ஒரு தடவை. பாடப்புத்தகத்தில் குத்துக்கோட்டுச் சோதனை, கிடைமட்டக்கோட்டுச் சோதனை என்று இரண்டு வருகிறதே, அவற்றின் உள்ளர்த்தம் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரே நேரத்தில் பந்து இரண்டு உயரத்தில் இருக்க முடியாது. அதனால் குத்துக்கோடு ஒரு தடவைக்கு மேல் வெட்டாது, இது ஒரு சார்பு. ஒரே உயரத்தில் இரண்டு நேரத்தில் இருக்கலாம்; அதனால் இது ஒன்றுக்கொன்றான சார்பு இல்லை.

"எங்கே ஏறுகிறது?" என்ற கேள்விக்கு நிறையப் பேர் "0 முதல் 20 வரை" என்று எழுதுகிறார்கள். கண் கோட்டின் மேல் ஏறிப்போய் 20-இல் நின்றுவிடுகிறது. விடை 0 முதல் 2 வரை. சார்பு எங்கே ஏறுகிறது, எப்போது ஏறுகிறது என்று கேட்டால் விடை எப்போதும் கிடை அச்சில்தான் இருக்கும். எவ்வளவு என்று கேட்டால் நிலை அச்சில். மதிப்பகம், வீச்சகம் என்ற இரண்டுக்கும் இதே கதைதான். இங்கே மதிப்பகம் 0 முதல் 4 வினாடி, வீச்சகம் 0 முதல் 20 மீட்டர். வளைவரையின் நிழல் தரையில் விழுந்தால் மதிப்பகம், பக்கத்துச் சுவரில் விழுந்தால் வீச்சகம் என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பந்து உதாரணத்தில் ஒரு பெரிய பொறி ஒளிந்திருக்கிறது. படத்தைப் பார்த்தால் பந்து வளைந்து பறந்து தள்ளிப் போய் விழுகிற மாதிரி தெரியும். ஆனால் நாம் எறிந்தது நேர் மேலே. பந்து போன பாதை ஒரு செங்குத்துக் கோடு. எறிந்த இடத்திலேயே திரும்ப வந்து விழுகிறது. படத்தில் வலது பக்கம் நகர்வது நேரம், பந்து இல்லை. வரைபடத்தை ஒரு புகைப்படம் மாதிரி பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தவறு. 1970-களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிளாட் ஜான்வியே என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் பயன்படுத்திய ஒரு கணக்கு இதற்குப் பெயர் போனது. பந்தயக் கார் ஒன்று ஓடுதளத்தைச் சுற்றி வருகிறது. கிடை அச்சில் கடந்த தூரம், நிலை அச்சில் வேகம். கோடு சமமாகப் போய், மூன்று இடத்தில் பள்ளமாக இறங்கி ஏறுகிறது. ஓடுதளத்தில் எத்தனை வளைவுகள்? வளைவு வந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். மூன்று பள்ளம் என்றால் மூன்று வளைவு. ஆனால் கோட்டின் நெளிவுகளையே ஓடுதளத்தின் நெளிவுகளாக நினைத்து ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிச் சொல்கிறவர்கள் உண்டு. பள்ளத்துக்குள் இறங்கும் இடம் ஒரு வளைவு, ஏறும் இடம் இன்னொரு வளைவு என்று கணக்கு! உங்கள் மகளிடமும் இதை வரைந்து கேட்டுப் பாருங்கள். எங்கே சிக்கல் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதனால் எந்த வரைபடத்தைக் கண்டாலும் முதலில் பார்க்க வேண்டியது கோட்டை இல்லை, இரண்டு அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. வேகமா, தூரமா, நேரமா? அலகு என்ன? ஒரு கட்டத்துக்கு எவ்வளவு? இதைக் கேட்காமல் கோட்டைப் பார்ப்பது வீண்.

சரி, சாய்வுக்கு வருவோம். இதற்கு நான் எப்போதும் கையில் எடுப்பது ரயில். காரணம் இருக்கிறது. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் செக்‌ஷன் கன்ட்ரோலர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வேலையின் மையமே ஒரு வரைபடம்தான். கிடை அச்சில் நேரம், நிலை அச்சில் தடத்தில் உள்ள நிலையங்கள் வரிசையாக. ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு கோடு. முன்பு தாளில் பென்சிலால் போட்டார்கள், இப்போது கணினித் திரையில் வருகிறது, விஷயம் அதேதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் – லியோன் தடத்தின் ரயில் அட்டவணை முழுவதையும் இப்படி ஒரே தாளில் கோடுகளாகப் போட்டுவிட்டார்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

மானாமதுரை – இராமேஸ்வரம் மாதிரி ஒரு ஒற்றைப் பாதைத் தடத்தை எடுத்துக்கொள்வோம். நிலை அச்சில் கீழே மானாமதுரை, அதற்கு மேலே பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம், உச்சியில் இராமேஸ்வரம். மானாமதுரையிலிருந்து கிளம்பும் ரயிலின் கோடு இடமிருந்து வலமாக ஏறும். இராமேஸ்வரத்திலிருந்து வரும் ரயிலின் கோடு இறங்கும். கோடு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு வேகம்: அரை மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் ஏறினால் மணிக்கு 60. இறங்கும் கோட்டுக்குச் சாய்வு எதிர்க்குறி. ரயில் பின்னால் ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை, மானாமதுரையிலிருந்து உள்ள தூரம் குறைந்துகொண்டே வருகிறது என்று அர்த்தம். கோடு படுத்துக் கிடைமட்டமாக இருந்தால்? நேரம் போகிறது, தூரம் மாறவில்லை. ரயில் நின்றுகொண்டிருக்கிறது. சாய்வு பூச்சியம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது அந்தப் படத்தில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் புள்ளியை வாக்கியமாகச் சொன்னால்: "இந்த நேரத்தில் இரண்டு ரயிலும் இதே இடத்தில் இருக்கின்றன." ஒற்றைப் பாதையில் இது நிலையத்தில் மட்டும்தான் நடக்கலாம். பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவில் வெட்டினால் விபத்து. அதனால் கன்ட்ரோலர் என்ன செய்வார்? ஒரு ரயிலைப் பரமக்குடியிலேயே நிறுத்துவார். படத்தில் அந்த ரயிலின் கோடு பரமக்குடி மட்டத்தில் கொஞ்ச தூரம் படுத்துக்கொள்ளும். எதிர் ரயிலின் கோடு அந்தப் படுத்த துண்டை வெட்டிக்கொண்டு போகும். பிறகு நின்ற கோடு மறுபடி ஏற ஆரம்பிக்கும். நாம் பெட்டிக்குள் உட்கார்ந்து "கிராஸிங் போட்டுட்டான்" என்று அலுத்துக்கொள்கிறோமே, அது அந்தப் படத்தில் ஒரு சின்னக் கிடைக்கோடு. பாசஞ்சரை ஓரங்கட்டிவிட்டு எக்ஸ்பிரஸை முன்னே விடுவதும் இப்படித்தான் தெரியும். ஆனால் இரண்டு கோடுகளும் ஒரே பக்கம் ஏறும், அதிகச் சாய்வுள்ளது படுத்ததை வெட்டும்.

இந்தப் படத்தில் பிள்ளைகள் வழக்கமாக விழும் ஒரு குழியைக் கவனியுங்கள். காலை 8 மணிக்கு எந்த ரயில் வேகமாகப் போகிறது என்று கேட்டால், 8 மணியில் எந்தக் கோடு மேலே இருக்கிறதோ அதைக் காட்டுவார்கள். மேலே இருப்பது தூரமாகப் போய்விட்ட ரயில். அது நிலையத்தில் நின்றுகொண்டுகூட இருக்கலாம். வேகம் கோட்டின் உயரத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது. அதேபோல, இரண்டு கோடு வெட்டும் இடத்தில் "இரண்டும் ஒரே வேகம்" என்று எழுதுவார்கள். அங்கே சமமாக இருப்பது இடம். வேகம் சமமாவது, இரண்டு கோடும் இணையாக இருக்கும்போது. உயரம் வேறு, சாய்வு வேறு என்று ஆரம்பத்தில் பிரித்தது இதற்காகத்தான்.

நிலை அச்சில் தூரத்துக்குப் பதில் வேகத்தைப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். இப்போது கிடைக்கோடு என்பது நின்ற ரயில் இல்லை, சீரான வேகத்தில் ஓடும் ரயில். நின்ற ரயிலின் கோடு கிடை அச்சின் மேலேயே ஒட்டிக் கிடக்கும். கடந்த தூரம் கோட்டுக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள பரப்பளவாகிவிடும். 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரெம் என்ற பிரெஞ்சு அறிஞர் வேகத்தைச் செங்குத்துக் கோடுகளாக நிறுத்தி இந்தப் பரப்பளவு விஷயத்தைக் காட்டியிருக்கிறார். நுண்கணிதம் வரும்போது மகள் இதை மறுபடி சந்திப்பாள். இப்போதைக்கு அச்சின் பெயர் மாறினால் கோட்டின் பொருளே மாறும் என்பது போதும்.

மூன்றாவது, சாய்வு எப்படி மாறுகிறது என்பது. பந்துக்கே திரும்புவோம். முதல் வினாடியில் ஏறியது 15 மீட்டர். இரண்டாவதில் 5. மூன்றாவதில் −5, நான்காவதில் −15. ஒவ்வொரு வினாடிக்கும் 10 குறைகிறது, மாறாமல். உச்சியை நெருங்கும்போது பந்து இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஏறும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. "விலைவாசி உயர்வு குறைந்தது" என்று செய்தியில் வரும்போது விலை குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். கோடு இன்னும் மேலேதான் போகிறது. சாய்வுதான் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி வீட்டிலேயே செய்யலாம். குழாயைச் சீராகத் திறந்துவிட்டு ஒரு குடத்தை அடியில் வையுங்கள். நேரத்துக்கும் குடத்துக்குள் நீர்மட்டத்தின் உயரத்துக்கும் வரைபடம் எப்படி இருக்கும்? எண்களே வேண்டாம், கையால் உத்தேசமாக வரையச் சொல்லுங்கள். நேரான டிரம் என்றால் கோடு நேர்க்கோடு. எல்லா மட்டத்திலும் ஒரே அகலம், அதனால் ஒரே சாய்வு. மேலே போகப் போக அகலமாகும் வாளி என்றால், அதே அளவு தண்ணீர் நிரப்ப வேண்டிய இடம் கூடிக்கொண்டே போகிறது. மட்டம் மெதுவாகிக்கொண்டே போகும், கோடு வலது பக்கம் சாய்ந்து தணியும். குடத்தில்தான் சுவாரசியம். அடியிலிருந்து வயிற்றுப் பகுதி வரை அகலம் கூடுகிறது, எனவே சாய்வு தணிந்துகொண்டே வரும். வயிறு மிக அகலமாக இருக்கும் இடத்தில் மட்டம் நத்தை மாதிரி ஊரும். அதைத் தாண்டியதும் கழுத்தை நோக்கி ஒடுங்குகிறது. சாய்வு கூடிக்கொண்டே போய், கழுத்தில் சர்ரென்று ஏறிவிடும். முதலில் கீழ்நோக்கிக் குழிந்த வளைவு, பிறகு மேல்நோக்கிக் குழிந்த வளைவு. இரண்டும் கைமாறும் இடம் வளைவு மாற்றப் புள்ளி, அதாவது குடத்தின் வயிறு. வரைந்த பிறகு நிஜமாகவே குடத்தை வைத்துப் பார்க்கட்டும். கழுத்துக்கு வந்ததும் குழாயை மூட ஓட வேண்டியிருக்கும்.

துண்டு துண்டாக இருக்கும் சார்புகளுக்கு ஆட்டோ கட்டணம் பொருத்தம். 2013-இல் தமிழக அரசு சென்னைக்கு அறிவித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டு யார் ஓட்டினார்கள் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) காத்திருப்புக் கட்டணத்தை விட்டுவிட்டால், வரைபடம் 1.8 வரை 25 மட்டத்தில் படுத்திருக்கும். அங்கிருந்து 12 சாய்வில் ஏறும். 5 கிலோமீட்டருக்கு 25 + 12 × 3.2 = 63 ரூபாய் 40 காசு. இப்போது "5 கிலோமீட்டரில் சாய்வு என்ன?" என்று கேளுங்கள். 63.40-ஐ 5-ஆல் வகுத்து 12.68 என்பார்கள். அது மொத்தப் பயணத்தின் சராசரி. சாய்வு 12, ஏனென்றால் அந்த இடத்தில் இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் கூடுவது 12 ரூபாய். ஆதிப்புள்ளி வழியாகப் போகாத கோட்டுக்கு ஒய்-ஐ எக்ஸ்-ஆல் வகுத்தால் சாய்வு கிடைக்காது. இரண்டு புள்ளி எடுத்து, வித்தியாசத்தை வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு வேடிக்கை. ஏறும் கோட்டை அப்படியே பின்னால் நீட்டினால் நிலை அச்சை 3.40-இல் வெட்டும். வெட்டுத்துண்டு என்றால் "ஆரம்பத் தொகை" என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ஏறி உட்கார்ந்தாலே 3 ரூபாய் 40 காசு என்று எழுதிவிடும். அந்தச் சூத்திரம் 1.8-க்கு முன்னால் செல்லாது. வெட்டுத்துண்டுக்குப் பொருள் சொல்வதற்கு முன், அந்த இடம் மதிப்பகத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பந்துக்கும் இதுவே: சமன்பாட்டில் 5 வினாடி என்று போட்டால் −25 மீட்டர் வரும். பந்து பூமிக்குள் புகுந்துவிடவில்லை, கதை 4 வினாடியிலேயே முடிந்துவிட்டது.

சரி, பத்தாம் வகுப்பில் வரும் அந்த 8 மதிப்பெண் கணக்குக்கு வருவோம். "ஒய் = எக்ஸ்² வரைபடம் வரைந்து, அதைக்கொண்டு எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்பதைத் தீர்க்க" என்ற வகை. ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்கச் சொல்வார்கள்; ஒய் = எக்ஸ் + 6 என்று ஒரு நேர்க்கோடு வரும்; அதையும் வரைந்தால் இரண்டு இடத்தில் வெட்டும்; வெட்டும் இடத்தின் எக்ஸ் மதிப்புகள் விடை. ஏன் கழிக்கிறோம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கழித்தல் ஒரு குறுக்கு வழி மட்டும்தான். நடப்பது இது: எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்பதை எக்ஸ்² = எக்ஸ் + 6 என்று மாற்றி எழுதலாம். இடது பக்கம் ஒரு சார்பு, வலது பக்கம் இன்னொரு சார்பு. எந்த எக்ஸ்-க்கு இரண்டின் உயரமும் சமம் என்பதுதான் கேள்வி. இரண்டு ரயிலும் எப்போது ஒரே இடத்தில் இருக்கும் என்று கேட்டோமே, அதே கேள்வி. −2-இல் இரண்டும் 4, 3-இல் இரண்டும் 9. விடை −2, 3. சிலர் 4, 9 என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். எந்த அச்சில் விடை இருக்கிறது என்பதில் வந்த குழப்பம்.

அந்தப் படத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் பதினொன்றாம் வகுப்புக்கு வேண்டியதும் கிடைக்கும். −2-க்கும் 3-க்கும் நடுவே நேர்க்கோடு பரவளையத்துக்கு மேலே இருக்கிறது. அதனால் அங்கே எக்ஸ்² சிறியது, எக்ஸ் + 6 பெரியது. எக்ஸ்² − எக்ஸ் − 6 குறை எண். வெளியே இரண்டு பக்கமும் மிகை எண். இருபடி அசமன்பாட்டுக்குக் குறி அட்டவணை போட்டு வரும் விடை படத்தில் அப்படியே கிடக்கிறது. பரவளையம் எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டுவது, தொட்டு நிற்பது, தொடாமலே போவது, தன்மைக்காட்டி இவையெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள், நான் நீட்டவில்லை.

எல்லோரையும் குழப்பும் ஒன்று உண்டு: (எக்ஸ் − 3)² என்றால் படம் ஏன் வலது பக்கம் நகர்கிறது? கழித்தால் இடது பக்கம்தானே போக வேண்டும்? இதற்கும் ரயில்தான். ஒரு ரயில் இன்றைக்கு 3 மணி நேரம் தாமதமாகக் கிளம்பி, அப்புறம் வழக்கமான வேகத்திலேயே ஓடுகிறது. மாலை 5 மணிக்கு அது எங்கே இருக்கும்? வழக்கமாக 2 மணிக்கு எங்கே இருக்குமோ அங்கே. அதாவது இன்றைய நிலை = வழக்கமான ரயிலின் (நேரம் − 3) மணி நிலை. கழித்தது 3, கட்டுப்பாட்டு அறைப் படத்தில் கோடு நகர்ந்தது வலது பக்கம், ஏனென்றால் எல்லாமே 3 மணி நேரம் கழித்து நடக்கிறது. இதை ஒரு தடவை யோசித்துப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

எதிர்விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 240 கிலோமீட்டர் போக வேண்டும். வேகம் 40 என்றால் 6 மணி, 60 என்றால் 4, 80 என்றால் 3, 120 என்றால் 2. வேகத்துக்கு எதிராக நேரத்தை வரைந்தால் அதிபரவளையத்தின் ஒரு கிளை வரும். 40-லிருந்து 60-க்கு வேகம் கூட்டினால் மிச்சம் 2 மணி நேரம். 60-லிருந்து 80-க்கு அதே 20-ஐக் கூட்டினால் மிச்சம் 1 மணி நேரம்தான். சாய்வு தணிந்துகொண்டே போகிறது. எவ்வளவு வேகம் கூட்டினாலும் கோடு கிடை அச்சைத் தொடாது, நேரம் ஆகாமல் ஊர் போய்ச் சேர முடியாது. வேகம் பூச்சியத்தை நெருங்க நெருங்க நேரம் எல்லையில்லாமல் ஏறும். இரண்டு அச்சுகளும் இந்த வளைவரைக்குத் தொலைத்தொடுகோடுகள்.

அளவுத்திட்டத்தில் ஒரு எச்சரிக்கை. தேர்வில் எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 அலகு என்று எடுப்பது வழக்கம். அப்போது தாளில் 45 பாகையில் தெரியும் கோட்டின் சாய்வு 1 இல்லை, 10. கண்ணுக்குத் தெரியும் சரிவை நம்பாமல் அச்சில் உள்ள எண்களை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். செய்தித்தாள் வரைபடங்களில் நிலை அச்சு பூச்சியத்தில் தொடங்காவிட்டால் உடனே மோசடி என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் அட்டவணையைப் பூச்சியம் பாரன்ஹீட்டிலிருந்து தொடங்கினால் 98.6-க்கும் 103-க்கும் வித்தியாசமே தெரியாது. எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுப் படித்தால் போதும். 2020-இல் கொரோனா வரைபடங்கள் பலவற்றில் நிலை அச்சு 10, 100, 1000 என்று போனது. அந்த மடக்கை அளவில் நேர்க்கோடு என்றால் ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணிக்கை கூடுகிறது என்று அர்த்தம் இல்லை, ஒரே மடங்கில் பெருகுகிறது என்று அர்த்தம். அதைச் சாதாரண நேர்க்கோடாகப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், கொஞ்ச நாளைக்கு அட்டவணை போட்டு வரைவதை நிறுத்திவையுங்கள். எண்ணே இல்லாத கோடுகளை நீங்கள் வரைந்து கொடுத்து, அச்சுகளுக்குப் பெயர் வைத்து, என்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதே கோட்டை வைத்துக்கொண்டு அச்சின் பெயரை மட்டும் மாற்றி, கதையையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறாள், பாதி வழியில் நோட்டை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பி ஓடிவந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி போய்ச் சேர்கிறாள். வீட்டிலிருந்து உள்ள தூரத்துக்கு ஒரு வரைபடம், மொத்தம் நடந்த தூரத்துக்கு ஒரு வரைபடம், இரண்டும் நேரத்துக்கு எதிராக, ஒன்றன் கீழ் ஒன்றாக. முதல் படத்தில் கோடு இறங்கி அச்சைத் தொட வேண்டும். இரண்டாவதில் எங்கேயும் இறங்கக் கூடாது. முதல் படத்தில் கோடு இறங்கும் அதே நேரத்தில் இரண்டாவதில் சாய்வு கூட வேண்டும், ஏனென்றால் அப்போது அவள் ஓடுகிறாள். நோட்டைத் தேடிய அந்த ஒரு நிமிடம் இரண்டு படத்திலும் கிடைக்கோடாக இருக்க வேண்டும். இரண்டையும் சரியாக வரைந்துவிட்டால் பாடப்புத்தகத்தில் உள்ள வரைபடப் பயிற்சிகளை நீங்கள் பக்கத்தில் உட்காராமலே போட்டுவிடுவாள்.